பல்லிக்குச் சட்டம் உண்டு, பாறைக்கு?

சேஷாசலம் மலையின் தங்கப் பல்லி நாடாளுமன்றத்தின் முன் வைக்கும் கேள்வி

புது தில்லி: காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கியவர்கள் தமிழகத்தில் ஏராளம். அந்தப் பல்லிகள் உலோகத் தகட்டில் வடித்த உருவங்கள். உயிருள்ள தங்கப் பல்லி ஒன்று, காஞ்சிபுரத்திலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், திருமலையின் பாறை இடுக்குகளில் வாழ்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான தமிழக பக்தர்கள் அந்தப் பாறைகளைக் கடந்துதான் ஏழுமலையானைத் தரிசிக்கச் செல்கின்றனர். ஆனால், இருள் கவிந்த பிறகே சுறுசுறுப்படையும் அந்த உயிரினத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

'கேலோடேக்டிலோடஸ் ஆரியஸ்' என்பது இதற்கு அறிவியல் உலகம் இட்ட பெயர். 'அழகிய விரல்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லும், 'பொன்னிறமானது' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லும் சேர்ந்து பிறந்தது இப்பெயர். தெலுங்கில் 'பங்காரு பல்லி' என்பர்.

புலி, யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் வரிசையில் வைத்து, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இடம் தரப்பட்ட சிற்றுயிர் இது. அட்டவணையில் பெயர் ஏறுவதாலேயே ஓர் உயிரினம் காப்பாற்றப்பட்டுவிடுமா என்பதுதான், பேசப்படாத கேள்வியாக நீடிக்கிறது.

நூறாண்டு மறைவு

இந்தப் பல்லியை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ரிச்சர்டு ஹென்றி பெட்டோம். ராணுவ அதிகாரியாக இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்தின் வனத் துறைத் தலைவராக உயர்ந்தவர். தாவரங்கள், பாம்புகள், பல்லிகள், தவளைகள் என்று தென்னிந்தியக் காடுகளில் அவர் தேடிப் பதிவு செய்தவை மிகப் பல. அவற்றுள் ஒன்றாக 1870-இல் தங்கப் பல்லியின் விவரத்தை அவர் வெளியிட்டார். அப்போது திருப்பதி, சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் மாவட்டம் உருவானது 1911-இல்தான்.

அதன் பின்னர் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. நூறாண்டுக்கும் மேலாக இந்தப் பல்லியைப் பற்றி ஆய்வுலகில் ஏறக்குறைய பேச்சே இல்லை. அது அழிந்துவிட்டதோ என்று ஐயுறும் நிலை ஏற்பட்டது. மலைப்பாதைகள் அமைக்கப்பட்டன, 1944-இல் முதல் மலைப்பாதையும், 1974-இல் இரண்டாவது மலைப்பாதையும் திறக்கப்பட்டன. வாகனங்களில் மக்கள் வெள்ளமெனச் சென்று வந்தனர். சாலையோரப் பாறைக்குள் இருந்த பல்லி மட்டும் யார் குறிப்பேட்டிலும் ஏறவில்லை.

1980-களின் நடுப்பகுதியில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர்கள் கிழக்குத் தொடர்ச்சி மலையில் தங்கப் பல்லியை மீண்டும் கண்டறிந்தனர். ஜே.சி. டேனியல், பரத் பூஷண், ஏ.ஜி. சேகர் ஆகிய மூவரும் எழுதிய குறிப்பு அச்சங்கத்தின் ஆய்விதழில் 1986-இல் வெளியாயிற்று. இவர்களுள் டேனியல், நாகர்கோவிலில் பிறந்தவர். இந்திய ஊர்வன பற்றிய நூலின் ஆசிரியர் என்ற வகையில் நாடறிந்தவர்.

அதே 1986-ஆம் ஆண்டு ஜனவரியில்தான், அழிந்துபோனதாகக் கருதப்பட்ட ஜெர்டான் கல்குருவி எனும் பறவையும் அண்டை மாவட்டமான கடப்பாவின் லங்கமலைப் பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. ஒரே மலைத் தொடர் அடுத்தடுத்து இரண்டு உயிர்களைத் திருப்பித் தந்தது.

விரல், முட்டை, பாறை

வீட்டுச் சுவர்ப் பல்லியைவிடத் தங்கப் பல்லி உருவில் பெரியது. ஆண் பல்லியே பொன்னிறம் கொள்கிறது. அதுவும் இனப்பெருக்கப் பருவத்தில் அதன் மஞ்சள் நிறம் மிகப் பளிச்சிடும். பெண் பல்லியும் குஞ்சுகளும் பாறையோடு பாறையாக மறையும் பழுப்பு நிறத்தன. ஆகவே, பொன்னிறப் பல்லியை மட்டும் தேடுவோர் பெண்ணையும் குஞ்சையும் கவனிக்காமலே கடந்துவிடுவர்.

இதன் விரல் நுனிகள் இரு மடல்களாக அகன்றிருக்கும். அந்த அமைப்பே செங்குத்துப் பாறையிலும் குகைக் கூரையிலும் தலைகீழாக ஓட அதற்கு உதவுகிறது. பசை எதுவும் அதில் சுரப்பதில்லை. பல்லிகளின் விரலடியில் உள்ள கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள், பாறையின் மூலக்கூறுகளோடு மிக நெருங்கி உண்டாக்கும் ஈர்ப்பே அவற்றைத் தாங்குகிறது என்பதை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் சோதித்து உறுதி செய்தனர்.

இந்த உயிரினத்தின் வாழ்க்கையில் மிக முக்கியமானது முட்டையிடும் முறை. பல பெண் பல்லிகள் ஒரே பாறையைத் தேடி வந்து, தத்தம் முட்டைகளை அதன் மறைவான பரப்பில் ஒட்டி வைக்கின்றன. இடும்போது மென்மையாக இருக்கும் ஓடு, காற்றுப் பட்டதும் இறுகிப் பாறையோடு ஒன்றிவிடுகிறது. குஞ்சு வெளியேறிய பின் ஓட்டின் வட்ட வடு பாறையில் தங்கிவிடும். அந்த வடுக்களின் அருகிலேயே அடுத்த தலைமுறையின் முட்டைகள் ஒட்டப்படும்.

எந்தப் பாறையும் இதற்குப் போதும் என்பதில்லை. வெயிலும் மழையும் நேரடியாகத் தாக்காத, வெப்பமும் ஈரமும் அளவாக உள்ள இடமாக இருத்தல் வேண்டும். முட்டை ஒட்டும் இடங்களை இப்பல்லி எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது என்று ஆந்திரத்தில் நடத்தப்பட்ட தனி ஆய்வு ஒன்று 2010-இல் வெளியாயிற்று. மரம் வெட்டப்பட்டால் வேறொரு மரத்தில் கூடு கட்டிக்கொள்ளும் பறவையைப் போன்றதன்று இதன் நிலை. முட்டைப் பாறை ஒன்று தகர்க்கப்பட்டால், தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டுவந்த பிறப்பிடம் ஒரே நொடியில் இல்லாமற் போகும்.

அந்தப் பாறைகளின் வயதும் எளிதில் கற்பனைக்கு எட்டாதது. திருமலை மலைப்பாதையில் வெட்டுண்ட சரிவுகளில், 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கருங்கல் அடித்தளத்தின் மீது, சுமார் 160 கோடி ஆண்டு வயதுடைய நகரி குவார்ட்சைட் பாறை அமர்ந்திருப்பதைக் காணலாம். இரண்டுக்கும் இடையே எந்தப் படிவும் இல்லாத நெடிய கால இடைவெளி உள்ளது. இதையும், கோயிலுக்கு அருகில் உள்ள 'சிலாதோரணம்' எனும் இயற்கைக் கல் வளைவையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் வைத்துள்ளது. சுமார் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட சிலாதோரணமும், அதையடுத்த சக்கர தீர்த்தமும்தான் தங்கப் பல்லியைக் காணலாம் என்று பக்தர்களிடையே பேசப்படும் இடங்கள்.

கடலுக்கு அப்பால் ஓர் உறவு

உலகில் இப்பேரினத்தில் இரண்டே இனங்கள் உள்ளன. ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலையில் வாழும் தங்கப் பல்லி. மற்றொன்று இலங்கையில் மட்டும் உள்ளது. தீவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளின் பாறைக் குகைகளில் வாழும் அந்த இரவுப் பல்லியை, இலங்கை அறிஞர் பி.இ.பி. தெரணியகல 1953-இல் விவரித்தார். அதன் ஆண்களுக்கும் தொண்டை மஞ்சள் நிறமே. அதுவும் கூட்டமாக வந்து பாறையில் முட்டை ஒட்டும் பழக்கம் உடையது.

இடையில் கடலும், பல நூறு கிலோமீட்டர் தமிழ் நிலமும் கிடக்க, ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இரு மூலைகளில் மட்டும் எஞ்சியிருப்பது ஏன்? கடல் மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலங்களில் இரு நிலங்களும் ஒன்றாக இருந்தன. பாறையும் குகையும் தொடர்ந்து கிடைத்த இடங்களில் மட்டும் இவை நிலைத்தன என்று கருத இடமுண்டு. இலங்கைப் பல்லி உண்மைத் தீவில் வாழ்கிறது என்றால், தங்கப் பல்லிக்கோ ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு. சமவெளியும் வயலும் நெடுஞ்சாலையும் அது கடக்க இயலாத கடல்கள்.

தமிழகத்துக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. வேலூர்ப் பகுதியிலும் திருவண்ணாமலைப் பகுதியிலும் இப்பல்லி காணப்பட்டதாக ஆய்விதழ்களில் பதிவுகள் உள்ளன. ஒடிசாவிலிருந்தும் பதிவு உண்டு. எனவே, இது திருமலைக்கு மட்டும் உரிய அதிசயம் என்ற பழைய எண்ணம் இனிப் பொருந்தாது. அதே சமயம், பரவல் விரிந்தது என்பதற்காக ஆபத்து குறைந்துவிட்டதாகவும் கொள்ள முடியாது. திருமலைக்கு வெளியே உள்ள குன்றுகளுக்குத் தேசியப் பூங்காவின் காவலும் இல்லை. கோயிலின் காவலும் இல்லை.

மூன்று அரண்கள்

திருமலைப் பகுதிக்கு ஏட்டளவில் அரண்கள் பல. 1989-இல் அமைக்கப்பட்ட ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா சுமார் 353 சதுர கி.மீ. பரப்புடையது. அதைச் சூழ, சித்தூர், கடப்பா மாவட்டங்களில் சுமார் 4,756 சதுர கி.மீ. பரப்பு 2010 செப்டம்பரில் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் ஜெய்ராம் ரமேஷ். 2022 ஏப்ரல் 4 முதல் திருமலை, புதிதாக உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தின் பகுதியாகிவிட்டது.

ஆனால், உயிர்க்கோளக் காப்பகம் என்பது வன உயிரினச் சட்டத்தின்கீழ் வரும் அமைப்பு அன்று என்பது கவனத்துக்குரியது. தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்கு உள்ள சட்ட வலு, அந்த அறிவிப்புக்கு மட்டுமே தனியாகக் கிடைப்பதில்லை. காப்பகத்தின் உள்ளே இருக்கும் பூங்காவும் காப்புக்காடும்தான் உண்மையான வேலிகள்.

செம்மரத்தின் தாயகமும் இம்மலைகளே. தேவாங்கும், மஞ்சள் தொண்டைச் சின்னான் எனும் அரிய பறவையும் இங்கு வாழ்கின்றன. இத்தனை இருந்தும், சேஷாசலம் என்ற பெயர் தமிழகச் செய்திகளில் இடம்பெறுவது வேறு காரணங்களுக்காக. 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி சிறுத்தைக்குப் பலியான பின், நடந்து செல்லும் பக்தர்களுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன; கைத்தடிகள் வழங்கப்பட்டன.

மரத்துக்கு விலை உண்டு. சிறுத்தைக்கு அச்சம் உண்டு. ஆகவே அவை இரண்டும் சட்டமன்றங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்றன. விலையும் இல்லாத, அச்சமும் தராத பல்லிக்கு நம்பிக்கை மட்டுமே துணை.

அந்த நம்பிக்கைக்கும் இரு பக்கங்கள். தங்கப் பல்லியைக் காண்பது புண்ணியம் என்று கருதுவதால் பக்தர்கள் யாரும் அதற்குத் தீங்கு செய்ய நினைப்பதில்லை. புனித மலை என்பதால் கல் உடைப்போரும் அங்கு நெருங்குவதில்லை. ஆயினும், அதே புண்ணியத்தைத் தேடிப் பாறை இடுக்குகளில் விளக்கு அடித்துப் பார்ப்பதும், குச்சியால் தட்டுவதும், கைபேசியில் படம் பிடிக்க முண்டியடிப்பதும் இரவு உயிரினத்துக்கு இடையூறே. ஒருவர் செய்தால் சிறிது. திருமலைக்கோ நாளொன்றுக்குப் பல்லாயிரம் பேர் வருகின்றனர்.

இயற்கைச் சீற்றங்களும் சேர்ந்துகொள்கின்றன. 2014 மார்ச்சில் சேஷாசலம் காட்டில் பரவிய தீயை அணைக்க விமானப் படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. 2021 நவம்பர், டிசம்பரில் பெய்த பெருமழையில் மலைப்பாதை மீது பாறைகள் உருண்டன. சாலையின் பாதுகாப்புக்காகப் பாறைச் சரிவுகளை வெட்டுவதும், வலை போர்த்துவதும், சிமெண்ட் பூசுவதும் தவிர்க்க இயலாத பணிகள்தாம். பூசப்படும் இடுக்கில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதே வன உயிரின ஆர்வலர்கள் எழுப்பக்கூடிய நியாயமான வேண்டுகோள்.

அவையில் பேசப்பட்டதும் பேசப்படாததும்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத் திருத்த மசோதா 2021 டிசம்பர் 17-இல் மக்களவையில் அறிமுகமானது. அதை ஆராய்ந்தது நாடாளுமன்ற நிலைக்குழு. அதன் தலைவர், சேஷாசலம் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது அமைச்சராக இருந்த அதே ஜெய்ராம் ரமேஷ் என்பது குறிப்பிடத்தக்கது. 2022 ஏப்ரலில் அளிக்கப்பட்ட அறிக்கையில், புதிய அட்டவணைகளில் பல உயிரினங்கள் விடுபட்டுள்ளதை நிலைக்குழு சுட்டிக்காட்டியது.

மசோதா 2022 ஆகஸ்ட் 2-இல் மக்களவையிலும், டிசம்பர் 8-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு அட்டவணைகள் நான்காகக் குறைந்தன. முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடுவோருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. குறைந்தபட்ச அபராதம் 10 ஆயிரம் ரூபாயிலிருந்து 25 ஆயிரமாக உயர்ந்தது. இரு அவைகளின் விவாதத்திலும் வெளியிலும் பெரிதும் பேசப்பட்டது, வளர்ப்பு யானைகளை இடம் மாற்றுவது பற்றிய பிரிவு. சிறிய உயிர்களின் வாழிடம் பற்றிய பேச்சுக்கு அதிக இடம் கிடைக்கவில்லை.

ஆயினும், சட்டத்தைக் கூர்ந்து படித்தால் ஒரு வலுவான ஆயுதம் அதில் ஏற்கெனவே இருப்பது புலப்படும். 'வேட்டையாடுதல்' என்ற சொல்லுக்குத் தரப்பட்ட வரையறையில், ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் கலைப்பதும் அடங்கும். அதாவது, தங்கப் பல்லியின் முட்டைகள் ஒட்டியுள்ள பாறையை வெடி வைத்துத் தகர்ப்பது, சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி எடுத்துச் சென்று வேட்டையாடுவதற்கு இணையான செயலாகிறது. இதைப் பயன்படுத்த வேண்டுமானால், எந்தப் பாறையில் முட்டை உள்ளது என்ற பதிவு அரசிடம் இருக்க வேண்டும்.

இங்குதான் அதிகாரங்கள் பிரிகின்றன. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசமைப்புத் திருத்தம் காடுகளையும் வன உயிரினங்களையும் பொதுப் பட்டியலுக்குக் கொண்டு வந்தது. கல் குவாரியோ, 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி சிறு கனிமம் என்ற வகையில் மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டது. சிறிய குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குப்பம் கிரானைட் கல்லுக்குப் பெயர் பெற்ற சித்தூர் மாவட்டத்திலும், எல்லைக்கு இப்பால் வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளிலும் பாறை என்பது வருவாய், வேலைவாய்ப்பு. ஆகவே, குவாரி கேட்கப்படும் குன்றில் என்ன வாழ்கிறது என்பதை இரவு நேரத்தில் சென்று பார்த்து அறிக்கை தருவது யார் பொறுப்பு என்ற வினா எழுகிறது. பகலில் நடக்கும் ஆய்வில் பாறை மட்டும்தான் தெரியும்.

பாறைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. புவியியல் மரபுச் சின்னங்களைப் பாதுகாக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 2024-இல் 17-ஆவது மக்களவையின் காலம் முடியும்வரை அது அவைக்கு வரவில்லை.

கல்குருவி தரும் பாடம்

முன்னுதாரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஜெர்டான் கல்குருவியின் வாழிடத்தில் 2005-இல் கால்வாய் வெட்டும் பணி நுழைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தரும் அதே தெலுங்கு-கங்கைத் திட்டத்தின் கால்வாய் அது. இறுதியில் கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. பெருநகரின் தாகத்துக்கான திட்டமும், ஒரு பறவைக்காகச் சற்று வளைந்து கொடுக்க முடிந்தது. ஆனால், அதன் பின்னர் பல ஆண்டுகள் அப்பறவையைப் பற்றிய உறுதியான பதிவு கிடைக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. நிலத்தில் கால் வைத்த பிறகு தடுப்பதைவிட, முன்னரே வரைபடத்தில் குறித்து வைப்பது மேல் என்பதே அதன் பாடம்.

தங்கப் பல்லிக்கு அந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது. தேவைப்படுவது பெருந்திட்டமோ பெருநிதியோ அல்ல. ஆந்திர, தமிழக வனத் துறைகள் இணைந்து முட்டைப் பாறைகளைக் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலைக் கனிமத் துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் தரலாம். அப்பட்டியலைப் பார்க்காமல் குவாரி உரிமம் வழங்குவதில்லை என்று மாநில அரசுகள் விதி செய்யலாம். சிலாதோரணத்திலும் சக்கர தீர்த்தத்திலும், இடுக்குகளில் விளக்கு அடிக்க வேண்டாம் என்ற அறிவிப்பைத் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் வைக்கலாம்.

வேங்கட மலையைத் தமிழ் நிலத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அந்த எல்லை குறித்து நடந்த போராட்டங்களும், 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்துக்குக் கிடைத்ததும் அரசியல் வரலாறு. மலையின் பாறைகளில் வாழும் பல்லி அந்த எல்லையின் இரு பக்கங்களிலும் இருக்கிறது. இரு மாநில அரசுகளும் தனித்தனியே அனுமதி வழங்கும் பாறைகள் அவை. கணக்கெடுப்பையாவது இரண்டும் சேர்ந்து செய்யலாம்.